ராயர் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத அரண்மனைச் சொத்து

முன்னொரு காலத்தில், ஒரு கோட்டையும் ஒரு குளமும் எட்டுத் தெருக்களும் கொண்ட தலைநகரம் ஒன்று இருந்தது. அதை ஆண்ட அரசன் நல்லவன்தான். என்ன, காலையில் பல் விளக்கும்போது அவனுக்கு யோசனைகள் வரும். அதன் பலனை அன்று மாலைக்குள் ஊர் அனுபவிக்கும்.

ஒருநாள் அண்டை நாட்டுத் தூதன் ஒருவன், விருந்துண்டு வயிறு நிறைந்த பிறகு எதையாவது சொல்லவேண்டுமே என்று, "எங்கள் நாட்டில் மன்னரை நினைக்காமல் ஒரு குடிமகனும் ஒரு பொழுதைக் கழிப்பதில்லை" என்று சொல்லிவைத்தான். அரசனுக்கு அது உறுத்தியது. மறுநாள் பல் விளக்கும்போது யோசனை வந்துவிட்டது.

அரண்மனையில் அறுபது வேட்டை நாய்கள் இருந்தன. ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி உயரம். தினமும் ஆட்டிறைச்சி தின்று வளர்ந்தவை.

"இவற்றின் கழுத்தில் சிவப்புப் பட்டு கட்டி நகருக்குள் அவிழ்த்துவிடுங்கள். குடிகள் இவற்றைப் பார்க்கும்போதெல்லாம் என்னை நினைக்கட்டும்" என்றான்.

நினைத்தார்கள். மிதித்தபோதெல்லாம் நினைத்தார்கள்.

நாய்களுக்குப் பொறுப்பு, வேட்டைத் துறை அதிகாரி கங்காதர ராயர். வெள்ளைப் பட்டு தவிர வேறு உடுத்தாதவர். அரசனைக் குளிரவைப்பதே தன் தொழில் என்று நினைப்பவர். ஆணையை முரசறைந்து அறிவிக்கும் முன் சபையில் ஒருமுறை வாசித்துக் காட்டினார்.

"அரண்மனை நாயை யாரும் அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது, விரட்டக் கூடாது. நாய் அரண்மனைச் சொத்து."

அரசன் புன்னகைத்தான். ராயர் அதைப் பார்த்துவிட்டார்.

"நாயின் குட்டியும் அரண்மனைச் சொத்து."

அரசன் முகம் இன்னும் மலர்ந்தது. ராயரால் நிறுத்த முடியவில்லை.

"நாய் உதிர்த்த மயிரும் அரண்மனைச் சொத்து. நாய் போட்டுவிட்டுப் போவதும் அரண்மனைச் சொத்து! அதை எடுத்து வைத்துக்கொள்பவனும் புதைப்பவனும் எரிப்பவனும் திருடன். அரண்மனைத் திருடனுக்கு வலது கை போகும்!"

சபை கை தட்டியது. கடைசிப் படியில் உட்கார்ந்திருந்த பேயாண்டி மட்டும் தட்டவில்லை. பேயாண்டி அரண்மனை விகடக்காரன். ஒல்லியான ஆள். அவன் பேசினால் எல்லாரும் சிரிப்பார்கள், அவன் சிரிக்கமாட்டான். எட்டாவது தெருவில் குடியிருந்தான். தினமும் அதே தெருவில் நடந்துதான் அரண்மனைக்கு வரவேண்டும். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளே தெருக்கூட்டுபவர்கள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். குப்பையைக் கூட்டினால் கூடவே அரண்மனைச் சொத்தும் வந்துவிடும். யார் கையை இழப்பது?

ஒரு மாதம் போனது. நாய்களுக்கு எந்த இடம் பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை, அவையே தேர்ந்தெடுத்துக்கொண்டன. கோயில் வாசல், சந்தைப் பேட்டை, கிணற்றடி. எல்லாவற்றையும்விடக் குளக்கரை மணல். எட்டுத் தெருப் பிள்ளைகளும் வீடு கட்டி விளையாடுகிற மணல் அது. வெயிலில் காய்ந்தது, மழையில் கரைந்தது, மணலோடு கலந்தது. பிள்ளைகள் அதிலேயே விளையாடிவிட்டு, அந்தக் கையாலேயே முறுக்கு தின்றார்கள்.

அதன் பிறகு அரண்மனை வைத்தியர் வல்லபரின் வீட்டு வாசலில் கூட்டம் குறையவில்லை. உப்பிய வயிறு, விடாத இருமல், காரணம் தெரியாத காய்ச்சல். செக்குக்காரர் வீட்டுப் பெண் குழந்தை ஒன்றுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிப்போனது. ஐந்து வயது. வல்லபர் எல்லாருக்கும் பூச்சி மருந்து கொடுத்தார். காரணம் கேட்டால், "காற்று சரியில்லை" என்றார்.

காற்று சரியில்லை என்பதும் உண்மைதான்.

அப்படியிருக்கும்போது, எட்டாவது தெருவைக் கூட்டும் வெள்ளச்சி ஒரு காலைப்பொழுதில் மண்வெட்டியோடு குளக்கரைக்குப் போனாள். முப்பது வயதுக்காரி. கட்டுமஸ்தான உடம்பு, கட்டில்லாத வாய். மணலின் மேல்பரப்பை ஒரு சாண் ஆழத்துக்கு வழித்து, மேட்டுப்பக்கம் குழி வெட்டி, உள்ளே தள்ளி மூடினாள். மண்ணை மிதித்துச் சமப்படுத்திக்கொண்டிருக்கும்போதே ராயரின் ஆட்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள்.

சபையில் நிறுத்தினார்கள்.

"குற்றம் என்ன?" என்றான் அரசன்.

"அரண்மனைச் சொத்தைத் திருடிப் புதைத்து வைத்திருக்கிறாள், அரசே" என்றார் ராயர். "ஒரு குழி நிறைய."

"நீ என்னம்மா சொல்கிறாய்?"

"திருடுனேனாம்ல! எதுக்கு சாமி திருடப்போறேன்? கொண்டுபோய்க் கொழம்பா வைப்பேன்?" என்றாள் வெள்ளச்சி. "புள்ளைக வெளையாடுற எடம். வயிறு ஊதிப்போய்க் கெடக்குதுக. நீங்களும் கூட்டல, எங்களையும் கூட்ட விடல. அதான் தள்ளி மூடுனேன்."

"புதைத்தாயா இல்லையா?" என்றார் ராயர்.

"பொதைக்காம, பூசையிலயா வைப்பாக?"

யாரோ சிரித்தார்கள். அரசன் முறைத்ததும் அடங்கினார்கள். அரசனுக்கும் சங்கடம்தான். ஒரு கூடை நாய்ப் பீக்கு ஒருத்தியின் கையை வெட்டுவதா என்று உள்ளுக்குள் தோன்றியது. ஆனால் ஆணை அவன் பெயரில் முரசறையப்பட்டது. முதல் வழக்கிலேயே பின்வாங்கினால் அண்டை நாட்டுத் தூதன் என்ன சொல்வான்?

பேயாண்டி எழுந்தான். "அரசே, ஊர் நாறுகிறது. பிள்ளைகள் நோயில் விழுகிறார்கள். வெட்டவேண்டியது கையை அல்ல, அந்த ஆணையில் ஒரு வரியை."

ராயருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஏழு வருடமாக அவர் காத்திருந்த வாய்ப்பு. அவர் மூச்சுமுட்டப் புகழ்ந்தாலும் அரசன் தலையைத்தான் ஆட்டுவான். இந்த ஒல்லிப்பயல் ஒரு வார்த்தை சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அந்த வயிற்றெரிச்சல் அவருக்குத் தூக்கத்திலும் உண்டு.

"அரசே, குறை சொல்ல யாராலும் முடியும்" என்றார். "பேயாண்டியார் மகா புத்திசாலி. மூன்று நாளில் இந்த நகரைச் சுத்தமாக்கிக் காட்டட்டுமே. ஆனால் நாயைக் கட்டக் கூடாது, விரட்டக் கூடாது. அரண்மனைச் சொத்தில் கடுகளவும் புதைக்கவோ எரிக்கவோ எடுத்து வைத்துக்கொள்ளவோ கூடாது. செய்துவிட்டால் இவள் கை பிழைக்கட்டும். முடியாவிட்டால் இவள் கையும் போகட்டும், இவர் பதவியும் போகட்டும்."

அரசனுக்குப் போட்டி என்றால் உயிர். "பேயாண்டி, சம்மதமா?"

பேயாண்டி வெள்ளச்சியைப் பார்த்தான். அவள் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சம்மதம், அரசே."

அன்று பிற்பகல் காவல் கொட்டடியில் அவளைப் பார்க்கப் போனான்.

"என்னய்யா, வழி ஏதும் தெரியுதா?"

"தெரியல. யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"உன் பதவிக்கு யோசிக்கிறியா, என் கைக்கு யோசிக்கிறியா?"

"பதவி போனா வேற ஊர்ல போய் வாயை வச்சுப் பொழச்சுக்குவேன். கைதான் யோசனை."

வெள்ளச்சி, "இடது கையால பெருக்கிப் பாத்தேன், இந்தக் கொட்டடியிலேயே. வரல. எல்லாம் ஒரு பக்கமாவே ஒதுங்குது" என்றாள். பேயாண்டி எழுந்து வந்துவிட்டான்.

அன்றும் மறுநாள் காலையும் எட்டுத் தெருவையும் சுற்றினான். வழி கிடைக்கவில்லை. எங்கே கால் வைப்பது என்பதற்கே வழி கிடைக்கவில்லை. களைத்துப்போய் அரண்மனைக் கோபுர வாசலில் உட்கார்ந்தான்.

அப்போது ஒரு தயிர்க்காரர், யானையின் கழுத்து மணி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். நேற்றைய ஊர்வலத்தில் பட்டத்து யானை தெருவில் உதிர்த்தது. வாசல் காவலன் உடனே சங்கு ஊதினான். குடைக்காரன் ஓடிவந்து மணிக்குக் குடை பிடித்தான். யானைக் கொட்டாரத்து அதிகாரி வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் மணியை வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, "அரண்மனைச் சொத்து அரண்மனை சேர்ந்தது" என்று உரக்கச் சொன்னார். தெருவில் கிடந்த அரண்மனைப் பொருள் எதுவானாலும் அந்தந்தத் துறை அதிகாரி இப்படித்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அரசனின் கொள்ளுத்தாத்தா காலத்து முறை.

பேயாண்டி அதைப் பத்து வருடமாகப் பார்த்து வருகிறான். அன்றுதான் முதல்முறையாகப் பார்த்ததுபோல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். பிறகு எழுந்து நேராகக் குயவர் தெருவுக்கு நடந்தான்.

அன்று மாலைக்குள் எட்டுத் தெருவுக்கும் செய்தி போய்விட்டது. "தவறி விழுந்த அரண்மனைச் சொத்தை அரண்மனையில் சேர்ப்பது குடிகளின் கடமை. நாளைக் காலை எல்லாரும் வாருங்கள். கையால் தொடாதீர்கள். கொட்டாங்கச்சியால் தள்ளிப் பானையில் போடுங்கள். மேலே சாம்பல் தூவுங்கள். பிள்ளைகளை வீட்டில் விடுங்கள். முடித்ததும் சீயக்காய் போட்டுக் கை கழுவுங்கள்."

ஒரு மாதக் கோபம் ஊருக்கு. விடியும்போதே வேலை தொடங்கிவிட்டது. மூலை முடுக்கு, சாக்கடை ஓரம், தேர்ச்சக்கரத்தின் அடி என்று ஒன்று விடவில்லை. வெள்ளச்சி மூடிய குழியைத் தோண்டி, குளக்கரை மணலைச் சல்லடையில் சலித்தே எடுத்தார்கள். நாய்கள் ஓரமாக நின்று, தங்கள் காரியத்துக்கு இவ்வளவு மரியாதையா என்பதுபோல் பார்த்தன.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்பு கோபுர வாசலை நோக்கி ஊர்வலம் வந்தது. முன்னால் மேளம். பின்னால் பானை தூக்கிய ஆட்கள், பெண்கள், கிழவர்கள். ஒவ்வொரு பானையின் வாயிலும் வேப்பிலை. எல்லாருக்கும் முன்னால் பேயாண்டி, தலையில் ஒரு பெரிய பானை.

"என்ன இது?" என்றான் காவலன்.

"தெருவில் கிடந்த அரண்மனைச் சொத்து. சங்கை ஊது."

காவலன் ஊதினான். அடுத்த பானைக்கும் ஊதினான். பானைக்கு ஒரு சங்கு என்பது முறை. பதினைந்தாவது பானைக்குள் அவனுக்குக் கன்னம் வலித்தது. காற்று திசை மாறி என்ன பானை என்று மூக்கு சொன்னபோது, மூச்சை இழுக்கவும் முடியவில்லை, ஊதாமல் இருக்கவும் முடியவில்லை.

சங்கு நிற்கவே இல்லை என்பதால் அரசன் மேல்மாடத்துக்கு வந்தான். வந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, வேடிக்கை போய்விடுமோ என்று படியிறங்கி வாசலுக்கே வந்தான். வெள்ளச்சியையும் காவலோடு அழைத்து வந்தார்கள். தண்டனை நேரம் அது. ராயர் அவள் கையை வெட்டுவதைப் பார்க்கத் துவைத்த பட்டு உடுத்தி வந்திருந்தார்.

பேயாண்டி பானையை இறக்கி, வேப்பிலையை விலக்கி, பணிவாக நீட்டினான்.

"ராயர் அவர்களே, குளக்கரை மணலில் அரண்மனை தவறவிட்ட சொத்து. ஒரு மாதப் பழசு. இரு கையாலும் பெற்றுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள்."

ராயர் இரண்டடி பின்வாங்கினார். "என்ன அக்கிரமம் இது? அரசே!"

"அக்கிரமமா?" என்றான் பேயாண்டி. "குட்டி, மயிர், இது என்று நீங்கள் வாசித்த பட்டியல்தானே? நான் புதைக்கவில்லை, எரிக்கவில்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. நாயின் வாலைக்கூடத் தொடவில்லை. சொத்தை உரியவரிடம் சேர்க்கிறேன். இன்னும் முந்நூறு பானை வரிசையில் நிற்கிறது. ஒவ்வொன்றாக ஒற்றிக்கொள்ள வேண்டும். சீக்கிரம் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் முடியும்."

அரசனின் தோள் குலுங்கியது. வாயை மேல்துண்டால் மூடியிருந்ததால் சிரிப்பா குமட்டலா என்று தெரியவில்லை. "முறை அதுதானே ராயரே?" என்றான்.

ராயர் ஊரைப் பார்த்தார். அரசனைப் பார்த்தார். ஏழு வருட வயிற்றெரிச்சல் அவரைத் தள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு பானையை இரண்டு கையாலும் வாங்கி முகத்துக்கு நேராகத் தூக்கினார்.

"ராயரே, கண்ணில் வேண்டாம்!"

கத்தியது வைத்தியர் வல்லபர். கத்திவிட்டு அவரே பயந்துபோனார்.

"ஏன் வேண்டாம்?" என்றான் அரசன்.

வல்லபர் ராயரைப் பார்த்தார். பேயாண்டி மெதுவாக, "சொல்லுங்கள் வைத்தியரே. காற்று சரியில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்" என்றான்.

"அரசே, இதில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி முட்டை இருக்கும். புதிதைவிடப் பழையது மோசம். நாறாது, மண்ணோடு மண்ணாகிவிடும், ஆனால் முட்டை சாகாது. பிள்ளைகள் கையோடு வாய்க்குப் போகும். வயிற்றில் பொரிக்கும். ஈரலுக்குப் போகும், நெஞ்சுக்குப் போகும். சில பிள்ளைகளுக்குக் கண்ணுக்குள் ஏறிவிடும். செக்குக்காரர் பெண்ணுக்கு ஏறியிருக்கிறது. ஒரு கண் போய்விட்டது."

அரசன் துண்டை வாயிலிருந்து எடுத்தான். சிரிப்பு இல்லை. "இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"அரண்மனைச் சொத்தைப் பழிப்பதும் குற்றம் என்று ராயர் சொன்னார். நானும் சும்மா இருந்துவிட்டேன்."

ராயர் பானையை முகத்திலிருந்து விலக்கினார். அதிலிருந்து கொஞ்சம் தூசி பறந்து அவர் பட்டில் விழுந்தது. அவ்வளவுதான். பானையைக் கீழே வைத்துவிட்டு, "அரசே! இது அரண்மனைச் சொத்து அல்ல!" என்று அலறினார்.

"காது கேட்கவில்லை" என்றான் பேயாண்டி. "பின்னால் முந்நூறு பேர் நிற்கிறார்கள்."

"அல்ல! அல்ல! இது அரண்மனைச் சொத்தே அல்ல!"

"அப்படியானால் வெள்ளச்சி எதைத் திருடினாள்?"

ராயர் பட்டில் விழுந்த தூசியைத் தட்டினார்.

"அவளை விடுங்கள்" என்றான் அரசன்.

காவலர்கள் கயிற்றை அவிழ்த்தார்கள். வெள்ளச்சி மணிக்கட்டைத் தடவிவிட்டுக்கொண்டு, "கயிறு இறுக்கிக் கட்டத் தெரியுது, ஒரு தெருவைக் கூட்டத் தெரியல" என்றாள்.

"ஒரு சந்தேகம், அரசே" என்றான் பேயாண்டி. "அரண்மனைச் சொத்து இல்லை என்றால் இந்த முந்நூறு பானையும் யாருடையது? வேட்டையில் விழுந்த மானின் தோலையும் கொம்பையும் அரண்மனை வேண்டாம் என்று ஒதுக்கினால் அது யாருக்குப் போகும்?"

அரசன் யோசித்தான். "வேட்டைத் துறை அதிகாரிக்கு."

ஊரே ராயரைப் பார்த்தது. அவர் வீட்டுக் கூடத்தில் ஆணி அடிக்க இடமில்லாமல் மான்கொம்பு தொங்குவது எல்லாருக்கும் தெரியும்.

"அதே முறைதான்" என்றான் பேயாண்டி. "மான் தந்ததை வீட்டுக்குக் கொண்டுபோனவர், நாய் தந்ததை விட்டுவிடுவாரா? முந்நூறு பானையையும் இப்போதே அவர் வீட்டு வாசலில் இறக்கச் சொல்கிறேன். இனி தினமும் வரும். அறுபது நாய்க்கும் நல்ல செரிமானம்."

அரசன் அதற்குமேல் தாங்கவில்லை. வாசல் படியிலேயே உட்கார்ந்து, தொடையில் அடித்து அடித்துச் சிரித்தான். கண்ணில் நீர் வந்தது. ராயர் அவன் காலில் விழுந்தார். அரசன் எழுந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆணையிட்டான். விடியற்காலையில் நாய்களைக் கோட்டைக்கு வெளியே பொட்டலுக்குக் கொண்டுபோய் வரவேண்டும். ஊருக்குள் எந்த நாய் வந்தாலும் பின்னாலேயே ஒரு ஆள் கூடையும் மண்வெட்டியுமாக வரவேண்டும். விழுந்தது காய்வதற்குள் எடுத்து, கிணற்றுக்கும் குளத்துக்கும் எட்டாத இடத்தில் ஆழமாகப் புதைக்கவேண்டும். பிள்ளைகளின் வைத்தியம் அரண்மனைச் செலவு. குளக்கரையில் முழுக்கப் புது மணல் கொட்டவேண்டும்.

"நாய்களில் பெரியது எது?" என்று கேட்டான்.

"ரணசூரன், அரசே" என்றான் நாய்க்காரன்.

"ஒரு மாதத்துக்கு ரணசூரன் பின்னால் ராயரே போவார்."

பிறகு அரசன் தன் கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றிக்கொண்டு பேயாண்டியை நோக்கி நடந்தான். பத்தடி தூரத்தில் நின்றுவிட்டான். காலையிலிருந்து பானை தூக்கிய ஆள், வெயிலும் ஏறியிருந்தது. அரசன் காவலனின் ஈட்டியை வாங்கி, நுனியில் மாலையைக் கோத்து, கையை முடிந்தவரை நீட்டினான்.

"வாங்கிக்கொள் பேயாண்டி. கோபித்துக்கொள்ளாதே, நாளைக்குப் பக்கத்தில் உட்கார்."

பேயாண்டி கையை நீட்டினான். வெள்ளச்சி அதைத் தட்டிவிட்டாள்.

"முத்து எங்கயும் ஓடிறாது. மொதல்ல கையக் கழுவுய்யா." வாசல் தொட்டியிலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டு வந்து, கூட்டத்தில் ஒருத்தியிடம் சீயக்காய் வாங்கிக் கொடுத்து, முழங்கை வரை தேய்க்கவைத்து ஊற்றினாள். தயிர்க்காரர் கையை நீட்டினார். குயவர்கள் நீட்டினார்கள். வரிசை நீண்டது.

அரசன் அன்று காலையும் தீனிக்கு அரண்மனை வந்த நாய்களைத் தடவிக்கொடுத்துவிட்டு அப்படியே வந்து பணியாரம் தின்றிருந்தான். தன் உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தான். சிரிப்பு இன்னும் விட்டபாடில்லை. சிரித்துக்கொண்டே போய் வரிசையில் நின்றான்.

"நல்லா நகத்துக்குள்ள தேய்ங்க சாமி" என்று சொல்லி வெள்ளச்சி ஊற்றினாள்.